கடல்நீர் மீன் தொட்டியில் நைட்ரேட் 80 பிபிஎம்மிலேயே (லிட்டருக்குச் சுமார் 80 மில்லிகிராம்) நிற்கிறது. வாரம் 10% நீர் மாற்றியும் குறையவில்லையே, ஏன்?

உங்கள் விவரங்களை முதலில் சுருக்கிக்கொள்கிறேன்: 200 லிட்டர் தொட்டி, பவளம் கிடையாது, மீன்கள் மட்டும் ஆறு, கொஞ்சம் லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடற்பாறை), ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவில் இருக்கும் வடிகட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) இல்லை. ஒரு வாரமும் தவறாமல் 10% நீர் மாற்றுகிறீர்கள். ஆனாலும் பல மாதங்களாக 80.

நீங்கள் சோம்பேறி என்றால் பதில் எளிதாக இருந்திருக்கும். தவறாமல் செய்தும் குறையவில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. என் தொட்டியும் ஓராண்டுக்கு மேல் இதே நிலையில்தான் இருந்தது. ஒருநாள் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது: வாரம் 10% மாற்றினால் அது 80-இல்தான் நிற்கும். பத்து ஆண்டுகள் மாற்றினாலும் அங்கேயேதான் நிற்கும்.

கணக்கு இதுதான். 80 பிபிஎம் உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்தால் 8 பிபிஎம் வெளியேறுகிறது. அடுத்த வாரத்துக்குள் மீன்களும் தீவனமும் அந்த 8-ஐத் திரும்பச் சேர்த்துவிடுகின்றன. மறுபடி 80. வரவும் செலவும் சமம் ஆகிவிட்ட இடம் அது. எண் பல மாதங்களாக அசையவில்லை என்பதே, உங்கள் தொட்டி வாரத்துக்குச் சுமார் 8 பிபிஎம் நைட்ரேட்டை உற்பத்தி செய்கிறது என்று சொல்லிவிடுகிறது. வார உற்பத்தியை, மாற்றும் நீரின் பங்கால் வகுத்தால் தொட்டி எங்கே போய் நிற்கும் என்று தெரியும். 20% மாற்றினால் 40-இல் நிற்கும். உற்பத்தியையும் பாதியாக்கினால் 20. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் வாங்கிக் கொட்டிய ‘நைட்ரேட் நீக்கி’ புட்டிகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கணக்கை நம்புவதற்கு முன் அளவீட்டை நம்பலாமா என்று பாருங்கள். சொட்டுப் பரிசோதனைப் பெட்டிகளில் இரண்டாவது புட்டியை அரை நிமிடம் பலமாகக் குலுக்கச் சொல்லியிருப்பார்கள். அடியில் படிந்திருக்கும் பொடி கலக்காவிட்டால் எண் குறைவாகக் காட்டும். நான் பல வாரங்கள் அப்படித்தான் 10 என்று படித்து மகிழ்ந்திருந்தேன். ஒருநாள் புட்டியை மேசையில் தட்டிக் குலுக்கியபோது குழாய் செக்கச் சிவந்தது. இன்னொன்று, அந்த நிற அட்டையில் 40-க்கும் 80-க்கும் இடையே எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு பங்கு தொட்டி நீருடன் மூன்று பங்கு ஆர்ஓ நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். அட்டையின் ஆரஞ்சுப் பகுதியில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். சில பெட்டிகள் நைட்ரேட்டை அளக்காமல் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எண்ணாகத் தரும். அதை 4.4-ஆல் பெருக்கினால்தான் மற்றவர்கள் பேசும் நைட்ரேட் எண் கிடைக்கும். தொட்டி புதிதாக இருந்து நைட்ரைட் இன்னும் மிச்சமிருந்தாலும் நைட்ரேட் எண் பொய்யாக உயரும். உங்களுடையது பழைய தொட்டி என்பதால் அந்தக் கவலை வேண்டாம். நீர் மாற்றப் பயன்படுத்தும் நன்னீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அதிலேயே 20 பிபிஎம் இருந்தால், எத்தனை முறை மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது.

இனி வரவைப் பார்ப்போம். நைட்ரேட் வானத்திலிருந்து விழுவதில்லை. தீவனத்தில் இருக்கும் புரதம் அம்மோனியா ஆகிறது, பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, பிறகு நைட்ரேட். புரதத்தில் ஏறக்குறைய 16% நைட்ரஜன். பாதி எடை புரதமாக உள்ள உலர்தீவனம் ஒரு கிராம் போட்டால் 80 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. அது முழுவதும் மாறினால் சுமார் 350 மில்லிகிராம் நைட்ரேட். உங்கள் 200 லிட்டரில் அது ஒன்றே முக்கால் பிபிஎம். வாரம் 8 பிபிஎம் சேர வேண்டுமென்றால் வாரத்துக்கு நாலரை கிராம் போதும், நாளொன்றுக்கு 0.65 கிராம். கொஞ்சம் மீனின் உடலில் தங்கும், கொஞ்சம் பாசியாகும் என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் போடுவது ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். இரு விரல்களால் இரண்டு தடவை கிள்ளினால் அவ்வளவு வந்துவிடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். நான் நகை எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். முதல் நாள் வழக்கம்போல் கிள்ளி அதில் போட்டபோது 0.9 காட்டியது. காலையிலும் மாலையிலும் அதே அளவு, நாளைக்கு 1.8 கிராம். இடையில் வீட்டில் யாராவது ‘பாவம், பார்க்கிறதே’ என்று போடுவது தனிக் கணக்கு. கோமாளி மீன் கண்ணாடிக்கு அருகே வந்து வாயைத் திறந்து மூடினால் பசி என்று பொருள் இல்லை. நீங்கள் தீவன டப்பாவைத் தூக்கும் கை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாளின் அளவைத் தராசில் நிறுத்து ஒரு சின்ன மூடியில் வைத்துவிட்டேன். மூடி காலியானால் அன்றைக்கு முடிந்தது. உறைந்த இறால் கட்டி போடுபவராக இருந்தால் அப்படியே தொட்டியில் எறியாதீர்கள். வலையில் வைத்து நன்னீரில் கரையவிட்டு, வடியும் கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள். அந்தச் சாற்றை எந்த மீனும் தின்னப்போவதில்லை. ஆனால் இந்த ஒன்றால் மட்டும் 80 குறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது சில்லறை மிச்சம்தான்.

அடுத்து கேனிஸ்டர் ஃபில்டர். கடைசியாக எப்போது திறந்தீர்கள்? நான் ஐந்து மாதம் கழித்துத் திறந்தேன். மேல் தட்டில் இருந்த பஞ்சைக் கையில் எடுத்தபோது ஈரக் களிமண்ணைப் போலக் கனத்தது. பிழிந்தால் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் குழம்பாக வழிந்தது. அதில் அரைகுறையாகக் கரைந்த தீவனக் குருணைகள், அடையாளம் தெரிந்தபடியே. ஃபில்டர் அதைத் தொட்டியிலிருந்து அகற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றியிருந்தது. தொட்டி நீர் முழுவதும் நாள் முழுக்க அந்தக் கழிவின் ஊடாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து பிறந்ததுதான் ‘கேனிஸ்டரும் பயோபாலும் நைட்ரேட் தொழிற்சாலைகள், தூக்கி எறியுங்கள்’ என்ற பேச்சு (பயோபால் என்பது ஃபில்டரில் பாக்டீரியா ஒட்டி வளரப் போடும் பிளாஸ்டிக் உருண்டை). எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அதிலுள்ள பாக்டீரியாவின் மேல் பழி இல்லை. அம்மோனியாவை எங்கே இருந்தாலும் ஏதோ ஒரு பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றத்தான் போகிறது, மாற்றத்தான் வேண்டும். அம்மோனியாதான் மீனைக் கொல்லும். குற்றம் அங்கே அழுகும் கழிவில் இருக்கிறது. பஞ்சை வாரம் இருமுறை கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். பாக்டீரியா வளர ஃபில்டரில் போட்டிருக்கும் பீங்கான் வளையங்களை எப்போதாவது ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில் அலசினால் போதும். குழாய் நீரில் வேண்டாம். பஞ்சையும் வளையங்களையும் மணலையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். மணலை சைஃபன் குழாயால் வாரம் கால்வாசிப் பரப்பு என்று பகுத்துக்கொள்ளுங்கள். லைவ் ராக்கின் பின்புறம் நீரோட்டம் படாத மூலை ஒன்று இருக்கும்; சிறிய பம்ப் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பினால் எவ்வளவு கழிவு புகைபோலக் கிளம்புகிறது என்று பாருங்கள்.

வரவு குறைந்தபின் சேர்ந்த கடனை அடைக்க வேண்டும். இங்கே பெரிய நீர்மாற்றம்தான் மலிவான மருந்து. சின்னச் சின்னதாக ஐந்து முறை 10% மாற்றினால் 80 என்பது 47 ஆகும். அதே அளவு நீரை ஒரே தடவையில், அதாவது 50% மாற்றினால் 40. ஆனாலும் பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றும் துணிவு எனக்கு இல்லை. பழகிய நீரிலிருந்து மீனைச் சட்டென்று பெயர்ப்பது போன்றது அது. நான் நான்கு நாளுக்கு ஒருமுறை 30% என்று மாற்றினேன். இடையில் சேர்வதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 80, 56, 39, 27, 19 என்று இறங்கும். உங்கள் தொட்டியில் ஒவ்வொரு முறையும் 60 லிட்டர், இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு. உப்பை முதல் நாளே ஆர்ஓ நீரில் கரைத்து, பம்ப் போட்டு இரவெல்லாம் சுழலவிட்டு, உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருப்பதை அளந்த பிறகே ஊற்றுங்கள். ஆவியாகிக் குறையும் நீரை மட்டும் உப்பில்லாத ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். அதை நீர்மாற்றம் என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு.

இவ்வளவும் செய்தால் மீன் மட்டும் உள்ள தொட்டிக்குப் போதும். 20-30 பிபிஎம்மில் மீன்கள் நலமாகவே இருக்கும். நிரந்தரமாகக் கையைக் காய்த்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் ஸ்கிம்மர் வாங்குங்கள். அது நைட்ரேட்டை நேராக எடுக்காது. ஆனால் கழிவு சிதைந்து நைட்ரேட் ஆவதற்கு முன்பே அதில் ஒரு பகுதியை நுரையோடு சேர்த்துக் கோப்பைக்குள் தள்ளிவிடும். அந்தக் கோப்பையை ஒருமுறை மோந்து பார்த்தவர் அதன் பயனைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டார்.

அடுத்தது பாசி. நூல்கண்டு போல வளரும் கீட்டோமார்ஃபா என்ற பாசியைத் தொட்டியோடு இணைந்த தனித் தடுப்பில் வைத்து, தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் அதற்கு வெளிச்சம் கொடுத்தால் நைட்ரேட்டைத் தின்று வளரும். வளர்ந்ததைக் கைப்பிடியாகப் பிய்த்து எறிந்தால்தான் அது வெளியேறிய கணக்கில் வரும்; அப்படியே அழுகவிட்டால் தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எறிவதைக் குப்பையில் எறியுங்கள், நீர்நிலையில் வேண்டாம். 1984-இல் மொனாக்கோவின் கடற்கரையில் முதலில் கண்ணில் பட்ட காலெர்ப்பா என்ற மீன்தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலின் அடியில் பல இடங்களில் கம்பளம் விரித்துவிட்டது.

பலர் உங்களுக்கு வோட்கா ஊற்றச் சொல்வார்கள். வேடிக்கை இல்லை, அது உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆல்கஹாலில் உள்ள கார்பனைத் தின்று பெருகும் பாக்டீரியா, நீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியேற்றுகிறது. அதனால்தான் ஸ்கிம்மர் இல்லாத உங்களுக்கு இந்த வழி இப்போதைக்குக் கிடையாது. 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லி என்று தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டியதை, நான் பொறுமையிழந்து மூன்றாம் நாளே நான்கு மடங்காக்கினேன். மறுநாள் விடியற்காலையில் தொட்டி மோர் கலந்தது போல வெளுத்திருந்தது. மீன்கள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாக்டீரியா ஆக்ஸிஜனைக் குடித்துவிட்டிருந்தது. காற்றுக்கல் இரண்டைப் போட்டு, ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டி, அன்று முழுவதும் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு டாம்செல் மீன் மட்டும் பிழைக்கவில்லை.

நாளை பவளம் வைக்கும் எண்ணம் இருந்தால் இலக்கு வேறு: 2 முதல் 10 பிபிஎம். அப்போதும் பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு காலியான தொட்டியில் பவளம் வெளிறும், மணலின் மேல் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புக் கோழை படரும். அதை விரட்டுவதோடு ஒப்பிட்டால் 80 பிபிஎம் நைட்ரேட் ஒரு தொந்தரவே அல்ல.

வாரம் ஒரே நாளில், நீர் மாற்றுவதற்கு முன்பு மட்டும் சோதியுங்கள். மாற்றிய பிறகு சோதித்து வரும் சின்ன எண் மனதுக்குத்தான் நல்லது. ஸ்கிம்மர் வாங்குவது, பாசி வைப்பது எல்லாம் பிறகு இருக்கட்டும். இன்றிரவு தீவனம் போடும்போது, வழக்கமாகக் கிள்ளுவதுபோலவே கிள்ளித் தராசில் போடுங்கள். என்ன எடை வந்தது, நாளைக்கு எத்தனை முறை போடுகிறீர்கள் என்று கீழே எழுதினால், உங்கள் தொட்டிக்கு எத்தனை சதவீதம் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.