ரிக்கெற் காசு திரும்ப வருமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போக, வவுனியாவில் ஒரு ஏஜென்சியில் இரண்டு ரிக்கெற் போட்டோம். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய 138,000 ரூபாவைக் கையில் கொடுத்தோம். பயணத்துக்கு மூன்று நாள் இருக்க, அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. அன்றே போன் எடுத்து, "கான்சல் பண்ணுங்கோ" என்றேன். "சரி தங்கச்சி, பார்க்கிறன்" என்றார். ஐந்து வாரமாகிவிட்டது. இப்போது, "அது திருப்பித் தராத ரிக்கெற், ஒரு சதமும் வராது" என்கிறார். போடும்போது அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாவுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் அம்மாவின் கை நன்றாகப் பொருந்தட்டும்.

முழுக்காசும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். மலிவு விலை ரிக்கெற்றுகளில் பலவற்றுக்கு அடிப்படைக் கட்டணம் திரும்ப வராதுதான். ஆனால் "ஒரு சதமும் வராது" என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். நீங்கள் கொடுத்த காசுக்குள் விமானக் கட்டணம், விமான நிலைய வரிகள், ஏஜென்சியின் கூலி என்று மூன்றும் கலந்திருக்கும். பறக்காத ஆளின் விமான நிலைய வரியைப் பல விமான நிறுவனங்கள் கேட்டால் திருப்பிக் கொடுக்கின்றன. கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

இதைவிடப் பெரிய கேள்வி, அவர் உண்மையில் கான்சல் செய்தாரா என்பது. விமானம் கிளம்புமுன் இரத்துச் செய்த ரிக்கெற் வேறு, செய்யாமல் விட்டு ஆள் வராமல் போன ரிக்கெற் வேறு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் மிகக் குறைவாகத்தான் தருவார்கள். மூன்று நாள் முன்னரே நீங்கள் சொல்லியும் அவர் பேசாமல் இருந்திருந்தால், அந்த நட்டம் உங்களுடையது அல்ல.

அதனால் அவர் தந்த ரிக்கெற் தாளை எடுங்கள். அதில் 13 இலக்க ரிக்கெற் எண் இருக்கிறதா? ஆறு எழுத்துப் பதிவு எண் மட்டும் இருந்தால், ரிக்கெற் உண்மையில் எடுக்கப்படாமலே காசு அவர் கையில் இருந்திருக்கவும் கூடும். எண் இருந்தால் விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, எந்தத் திகதியில் இரத்தானது, எவ்வளவு திருப்பப்பட்டது என்று கேளுங்கள். "காசை ஏஜென்சியிடம்தான் கேட்க வேண்டும்" என்பார்கள். அது உண்மைதான், அவர் மூலம் வாங்கியதால் அவர் வழியாகத்தான் திரும்பும். பரவாயில்லை, உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தத் திகதிதான்.

அப்புறம், ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று பஸ் மாறி மாறி வவுனியாவுக்கு அலைய வேண்டாம். கணக்கை எழுத்தில் தரும்படி வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: விமான நிறுவனம் பிடித்தது எவ்வளவு, நீங்கள் பிடித்தது எவ்வளவு, மிச்சம் எங்கே. அன்று நீங்கள் எடுத்த அழைப்பின் பதிவு போனில் இருந்தால் இன்றே படம் பிடித்து வையுங்கள். வைத்தியசாலைத் துண்டும் பற்றுச்சீட்டும் சேர்ந்தே இருக்கட்டும். கையில் காசு கொடுத்தவருக்கு இவைதான் சாட்சி.

ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்திலும் விசாரிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஐந்து வாரம் ஏற்கெனவே போய்விட்டது தங்கச்சி, "அடுத்த கிழமை வாங்கோ" என்ற பேச்சுக்கு இனிக் காத்திருக்காதீர்கள். இணக்க சபை வழியும் இருக்கிறது, செலவும் பெரிதில்லை.

அண்ணாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விழுந்தது அம்மா, மறைக்க இதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. ரிக்கெற் நேரத்தோடு இரத்தாகியிருந்தால், காசுக்குப் பதிலாகத் திகதியை மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். அம்மாவின் இந்திய வீசா எந்தத் திகதிவரை செல்லும் என்பதை அதற்கு முன்னரே பார்த்துவிடுங்கள்.