ஆதரவு முடிந்தும் சோதனை முடியவில்லையா?

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆனாலும், மதர்போர்டை மாற்றினால் அது மறுபடியும் ஆக்டிவேட் செய்யச் சொல்வது (அதாவது, உரிமத்தை உறுதிப்படுத்தச் சொல்வது) ஏன்?

பதில்: ஆதரவு முடிந்ததும் நிற்பவை பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தாம், உரிமச் சோதனையோ இயங்குதளத்துக்குள்ளேயே இருப்பதால் தொடர்ந்து நடக்கிறது. முதன்முறை ஆக்டிவேட் செய்யும்போது பிராசசர், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு முதலியவற்றின் அடையாளங்களைச் சுருக்கி, சிஸ்டம்32 ஃபோல்டரில் ‘டபிள்யூபிஏ.டிபிஎல்’ என்ற கோப்பில் எழுதிக்கொள்ளும் எக்ஸ்பி, பின்னர் கணினியில் இருப்பவற்றை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பொறுத்துக்கொள்ளும். மதர்போர்டை மாற்றும்போதோ, அதிலேயே பொருத்தப்பட்ட நெட்வொர்க், கிராபிக்ஸ் பகுதிகளும் சேர்ந்து மாறுவதால், இது வேறு கணினி என்றே முடிவுசெய்துவிடும். எக்ஸ்பியின் முதல் பெரிய புதுப்பிப்புத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 முதல் இதற்கு 3 நாள் அவகாசம் உண்டு. அது கடந்தால் வழக்கம்போல் உள்நுழைய முடியாது. பின்னர் வந்த விண்டோஸ் 7 இவ்வளவு கடுமை காட்டவில்லை. திரைப் பின்னணியைக் கறுப்பாக்கி நச்சரிப்பதோடு நிறுத்திக்கொண்டது.

காசு கொடுத்து வாங்கியவர்தாம் இதில் அதிகம் அவதிப்பட்டார் என்பது என் கருத்து. ஏனெனில், பெருநிறுவனங்களுக்கான எக்ஸ்பி பதிப்புக்கு ஆக்டிவேஷனே தேவைப்படவில்லை. திருட்டுப் பிரதிகளில் பெரிதும் புழங்கியதும் வெளியே கசிந்த அந்தப் பதிப்பின் உரிமச் சாவிகள்தாம்.