விண்டோஸ் நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றுபோவது ஏன்?

முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்தான் ரேம். நிறுவல் கோப்புகள் சுருக்கப்பட்டு வருகின்றன. அவை ரேமில் விரிக்கப்பட்டு, சரிபார்க்கப்படுகின்றன. அங்கே ஒரு பிட், அதாவது தகவலின் ஒரே ஒரு 0 அல்லது 1, புரண்டாலும் போதும், கோப்பு சிதைந்துவிட்டதாகச் சொல்லி வேலை நின்றுவிடும். பேரேட்டை நகலெடுப்பவர் ஓரிடத்தில் 3ஐ 8 என்று எழுதிவிட்டால் கடைசியில் கூட்டுத்தொகை இடிக்குமே, அதே கதைதான். எப்போதும் ஒரே கோப்பில் நின்றால் மட்டும் நிறுவல் கோப்புகள் உள்ள பென்டிரைவை மாற்றிப் பாருங்கள்.

மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ரேம் அட்டையைக் கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தி நிறுவிப் பாருங்கள், பிறகு மற்றதை. இன்னும் உறுதி வேண்டுமானால், மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த அட்டையை நம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“பழைய விண்டோஸ் நன்றாக ஓடியதே, ரேம் எப்படிக் கெட்டிருக்கும்?” என்பார்கள், அன்றாட வேலை அந்தப் பழுதான மூலையைத் தொடாமலே போயிருக்கலாம், தொட்டிருந்தாலும் எப்போதோ ஒருமுறை விண்டோஸ் முடங்கி வந்த நீலத்திரையாக அது மறந்துபோயிருக்கும்.