கென்னடி உரையில் கட்டளை வாக்கியங்களை எண்ணும் ஆய்வாளருக்கு

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக ஜான் எஃப். கென்னடியின் 1961ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையை மொழியியலாளர் ஹாலிடேயின் இலக்கணக் கோட்பாட்டின்படி ஆராய்ந்து வருகிறேன். எண்ணிப் பார்த்ததில் செய்தி வாக்கியங்களே மிகுதி. கட்டளை வாக்கியங்கள் குறைவு. வினா இரண்டே இரண்டு. ஆகவே இது தகவல் தெரிவிக்கும் உரை என்று முடிவு எழுதலாமா? அட்டவணைகளைக் கணினியில் தயாரித்து, கட்டுரையாகவும் வெளியிட்டுத் தருவதாக ஓர் ஆய்வு உதவி மையம் பணம் கேட்கிறது; கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. முதல் கேள்வியை முதலில் பார்ப்போம்.

வாக்கியத்தின் வடிவம் வேறு, அந்த வாக்கியத்தைச் சொல்வதன் மூலம் பேச்சாளர் செய்து முடிக்கும் காரியம் வேறு. ஹாலிடே இவ்விரண்டையும் பிரித்தே வைத்தார். "பழைய நட்பு நாடுகளுக்கு உண்மையான நண்பர்களின் விசுவாசத்தை உறுதியளிக்கிறோம்" என்று கென்னடி சொல்லும்போது வடிவம் செய்தி வாக்கியம்தான். ஆனால் அங்கே எவருக்கும் எந்தத் தகவலும் தெரிவிக்கப்படவில்லை, சொன்ன மாத்திரத்தில் ஒரு வாக்குறுதி கொடுக்கப்பட்டுவிட்டது. துணைவினைகளிலும் இதே வேறுபாடு உண்டு. முதல் 100 நாள்களில் இது முடிந்துவிடாது, 1,000 நாள்களிலும் முடிந்துவிடாது என்னும் இடத்தில் வரும் ஆங்கில 'வில்' (will) நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்கிறது. எந்த விலையையும் கொடுப்போம், எந்தச் சுமையையும் தாங்குவோம் என்னும் இடத்தில் வரும் 'ஷால்' (shall) சூளுரைக்கிறது. இரண்டையும் எதிர்காலம் என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் உரையின் உயிர் போய்விடும்.

வினாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகளாவிய கூட்டணி ஒன்றை நம்மால் உருவாக்க முடியுமா, அந்த முயற்சியில் நீங்கள் சேர்வீர்களா என்ற இரண்டும் பதில் தெரியாமல் கேட்டவை அல்ல, அழைப்புகள்.

நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் ஆங்கிலத்தில் 'லெட்' (let) என்று தொடங்கும் வாக்கியங்கள். பல ஆய்வேடுகள் இவற்றையும், நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேளாதே என்ற புகழ்பெற்ற வாக்கியத்தையும் கட்டளை என்ற ஒரே தலைப்பில் சேர்த்துக் கூட்டிவிடுகின்றன. பின்னது முன்னிலையில் இருப்பவரை நோக்கிய நேரடி ஏவல். 'நாம் அச்சத்தால் பேச்சுவார்த்தை நடத்த வேண்டாம், பேச்சுவார்த்தை நடத்த அஞ்சவும் வேண்டாம்' என்பதில் பேச்சாளர் தம்மையும் கட்டளைக்குள் வைத்துக்கொள்கிறார். 'இரு தரப்பும் ஆராயட்டும்' என்ற பாணியில் அடுத்தடுத்து நான்கு பத்திகள் தொடங்குகின்றன. அந்த இரு தரப்பில் ஒன்று அவருடைய அரசு, மற்றொன்று அவர் ஆணையிட முடியாத எதிரணி. ஏவல் முன்னிலைக்கு மட்டும் உரியது, வியங்கோள் மூவிடத்துக்கும் வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் படித்தவர் தவறவிடுவதற்கு நியாயமே இல்லை. மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. 'எந்த விலையையும் கொடுப்போம்' என்ற சூளுரை தனி வாக்கியமாக வரவில்லை. 'ஒவ்வொரு நாடும் அறியட்டும்' என்ற தலைமை வாக்கியத்துக்குள் சார்பு வாக்கியமாக வருகிறது. தனித்து நிற்கும் வாக்கியங்களை மட்டும் எண்ணுவது என்ற சரியான விதியைப் பின்பற்றினால், உரையின் மிகக் கனமான வாக்குறுதி உங்கள் அட்டவணையில் இடம்பெறவே பெறாது. விதியை மாற்றாதீர்கள், அந்த வாக்கியத்துக்கென ஒரு பத்தி ஒதுக்கி விளக்குங்கள்.

பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவு தன்மைப் பன்மையிலும் தெரியும். பழைய நட்பு நாடுகளை நோக்கிப் பேசும் பத்தியில் உறுதியளிப்பவர்கள் 'நாங்கள்', அதாவது அமெரிக்கர்கள் மட்டும். ஒன்றுபட்டால் முடியாதது மிகக் குறைவு என்னும் அடுத்த வாக்கியத்தில் 'வீ' (we) என்ற அதே ஆங்கிலச் சொல் அந்த நாடுகளையும் உள்ளே இழுத்து 'நாம்' ஆகிவிடுகிறது. கொடுப்பவர், பெறுபவர் என்றிருந்த உறவு ஒரே பத்தியில் கூட்டாளிகளின் உறவாக மாறுவதை எந்தச் சதவீதக் கணக்கும் காட்டாது.

இனி அந்த மையம். இப்படிப்பட்டவர்கள் விற்கும் மென்பொருள் அட்டவணையில் 'லெட்' எல்லாம் ஒரே கட்டத்தில்தான் விழும், பார்க்க மட்டும் வண்ண வண்ணமாக இருக்கும். வாய்மொழித் தேர்வில் ஒரு வாக்கியத்தைச் சுட்டி ஏன் இந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல மையத்தார் வரமாட்டார்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு தன் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே விட்டுவிட்டது. அப்படியிருந்தும் துறைகள் பழைய படிவங்களையே நீட்டுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தே கையெழுத்திடும் குழுக்களை என்ன சொல்வது! உங்கள் பல்கலைக்கழகம் இப்போது என்ன கேட்கிறது என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இடைத்தரகர் சொல்வதை நம்பாதீர்கள்.

அட்டவணையை நீங்களே தயாரிக்கலாம். ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் உரை இது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே வடிவம், செய்யும் காரியம், யாரை நோக்கியது என மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் இரண்டு கட்டங்களும் ஒத்துப்போகாத வாக்கியங்களைத் தனியே பிரித்தெடுத்தால் உங்கள் முடிவுரைக்கான பொருள் அவற்றிலேயே கிடைக்கும்.