யாரையும் சாட்சிக் கூண்டில் நிறுத்தாதீர்கள்

கேள்வி: நான் கல்லூரி விரிவுரையாளர். மாணவர்களிடையே மதம், மொழி, சாதி, பாலினம் தொடர்பான மனக்கசப்புகள் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கின்றன. இவை குறித்து வெளிப்படையான உரையாடல் ஒன்றை நடத்தித் தருமாறு நிர்வாகம் கேட்டிருக்கிறது. ஆறிய புண்ணைக் கிளறிவிடுவோமோ என்று தயங்குகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஒரே நாளில், ஒரே அரங்கில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசச் சொன்னால் நீங்கள் அஞ்சுவதுதான் நடக்கும். துணிந்தவர்கள் பேசுவார்கள், காயப்பட்டவர்கள் கடைசி வரிசையில் தலைகுனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், வளாகத்தில் இனப் பதற்றம் நிலவிய காலத்தில், 1988-இல் தொடங்கிய உரையாடல் திட்டத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாம். அங்கே குழு சிறியது. இரு தரப்பிலிருந்தும் கூடியவரை சம எண்ணிக்கையில் மாணவர்கள் இருப்பார்கள். தரப்புக்கு ஒருவராக, பயிற்சி பெற்ற இருவர் வழிநடத்துவார்கள். சந்திப்பு பல வாரங்கள் தொடரும். தொடக்கச் சந்திப்புகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கும் பேசும் முறையை வகுத்துக்கொள்வதற்குமே செலவாகும். சர்ச்சைக்குரியவற்றை அதன் பிறகுதான் தொடுவார்கள்.

வெவ்வேறு பிரிவினர் பழகும்போது முன்முடிவுகள் குறைய வேண்டுமானால் சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். இவற்றில் சம நிலையைத்தான் நான் முதலில் வைப்பேன், ஏனெனில் கல்லூரிகளில் பெரும்பாலும் தவறிப்போவது அதுவே. குழுவில் ஒரு பிரிவைச் சேர்ந்தவர் தனி ஒருவராக அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர், கெட்ட எண்ணம் இல்லாமலேயே, "உங்கள் ஆட்கள் ஏன் எப்போதும் தனியாகவே இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அந்த நொடியிலேயே தனியாக அமர்ந்திருப்பவர் மாணவர் என்ற நிலையை இழந்து, தம் பிரிவு முழுவதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட சாட்சியாகிவிடுகிறார். அப்போது நீங்கள் குறுக்கிட வேண்டும். கேட்டவரைக் கடிந்துகொள்ளாமல் கேள்வியைப் பொதுவாக்குங்கள்: "இந்த வளாகத்தில் யாருடன் அமரத் தயங்குகிறோம் என்பதை நாம் ஒவ்வொருவரும் சொல்வோம், கேட்டவரே தொடங்கட்டும்." பிறகு சற்று நேரம் அமைதி நிலவும். பொறுத்திருங்கள்; அதை நிரப்புவதற்காக நீங்கள் பேசத் தொடங்கினால் உரையாடல் மீண்டும் விரிவுரையாகிவிடும்.

இன்னொன்று: மாணவர் சொல்வது அங்கேயே தங்கும், மதிப்பெண்ணையோ விடுதி அறையையோ பாதிக்காது என்ற உறுதியை நிர்வாகத்திடம் எழுத்து வடிவில் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். துன்புறுத்தல் போன்றவை வெளிப்பட்டால் யாரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மாணவர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நான் பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்த மாணவி. வாயைத் திறந்தாலே தவறாகிவிடுமோ என்று பயம். இத்தகைய கூட்டங்களில் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் ஒதுங்கினால் பேசும் பாரம் முழுவதும் ஏற்கெனவே சுமப்பவர்கள் தலையிலேயே விழும். நீங்கள் கண்டதையும் உணர்ந்ததையும் உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். உங்கள் சொல் வலித்தது என்று ஒருவர் கூறினால், "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று விளக்கப் புகாமல், எது வலித்தது என்று முதலில் கேளுங்கள். விளக்கத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.