மனதை அமைதியாக வைத்திருந்தால் பிரசவம் எளிதாகுமா?

உங்கள் கேள்வி இது: முதல் குழந்தை, 30 வாரம் ஆகிறது, பிரசவத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. மனதை அமைதியாக வைத்துக்கொள், எல்லாம் சுலபமாக முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா, அதற்கு எப்படித் தயாராவது?

பாதி உண்மை. எந்தப் பாதி என்று புரிய எனக்கு இரண்டு பிரசவங்கள் ஆயின.

முதல் முறை வீட்டில் இருந்தவரை வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தது. மருத்துவமனையில் பளீரென்ற விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு பெண் அலறுவது கேட்டது. அவ்வளவுதான், வலி அப்படியே அடங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அழுதேன்.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கருப்பையைச் சுருங்க வைப்பது மூளையிலிருந்து வரும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த அது இன்னும் அதிகமாகச் சுரக்கும், வலியும் வலுக்கும். பயப்படும்போது வருவது அட்ரினலின். அது கருப்பையின் தசையைத் தளர்த்தி, சுருக்கங்களைக் குறைக்கக்கூடியது. குறைமாதத்தில் வலி வந்துவிட்டால் கொஞ்ச நேரம் தள்ளிப்போட டாக்டர்கள் கொடுக்கும் டெர்பியூட்டலின் என்ற மருந்தும் கருப்பையில் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பிரசவ நேரத்தில் சுண்டெலிகளை இடம் மாற்றித் தொந்தரவு செய்தால் குட்டி போடுவது தாமதமாகிறது என்று 1960களில் நைல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆபத்து இருக்கிறது, இப்போது பெற வேண்டாம் என்று உடம்பு முடிவெடுக்கிறது. அதில் உங்கள் குணத்துக்கோ தைரியத்துக்கோ சம்பந்தமில்லை.

இதை முதலில் பெரிதாகப் பேசியவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர். பயம் வந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயமும் கூடும் என்று 1933இலேயே எழுதினார். என் அனுபவத்தில் அந்தச் சுழல் உண்மைதான். ஆனால் வலிக்கே பயம்தான் பெரிய காரணம் என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஏற்க மாட்டேன். பயமே இல்லாவிட்டாலும் பிரசவம் வலிக்கும். அதை உங்களிடம் மறைப்பது துரோகம்.

சரி, என்ன செய்யலாம்? நல்லதையே நினைத்துக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நினைப்பை நேரடியாக மாற்றுவது கஷ்டம், உடம்பைப் பழக்குவது சுலபம். இரண்டாவது கர்ப்பத்தில் தினமும் இரவில் ஒரு ஐஸ் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சைக் கவனிப்பேன். பிரசவ வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு சுருக்கம் பெரும்பாலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான் இருக்கும். நான்கு எண்ணி உள்ளே இழுத்து, ஏழெட்டு எண்ணி வாய் வழியாக மெதுவாக விடுங்கள். மூச்சை விடும் நேரத்தை நீட்டினால் இதயத் துடிப்பு அடங்குவதை நீங்களே உணர்வீர்கள். அந்த நேரத்தில் தாடை, தோள், உள்ளங்கை இந்த மூன்றும் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தளர்த்துங்கள். முதல் பிரசவத்தில் ஒரு வயதான நர்ஸ் என் கன்னத்தைத் தொட்டு, “பல்லைக் கடிக்காதம்மா, தாடையை விடு” என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உதவி அதுதான். கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளை இறுக்குவதற்கு எல்லோரும் பயிற்சி சொல்வார்கள். பிரசவத்துக்கு முக்கியம் அவற்றைத் தளர்த்தத் தெரிவது, அதையும் சேர்த்துப் பழகுங்கள். இதையெல்லாம் மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டாம். 28 வாரத்துக்கு மேல் ஒருக்களித்துப் படுப்பதே நல்லது, உட்கார்ந்தும் செய்யலாம்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவியது கூடவே ஒரு ஆள் இருந்தது. பல மருத்துவச் சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு 26 சோதனைகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. வலி நேரம் முழுக்க விடாமல் ஒருவர் துணையிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடியது, பிரசவ நேரம் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. பெண் தானே தேர்ந்தெடுத்த ஒரு துணை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. உங்கள் மருத்துவமனை யாரை உள்ளே விடும் என்று இப்போதே கேளுங்கள். வருகிறவருக்கும் மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுங்கள், அப்போது அவருக்கும் கைகால் பதறாது.

இன்னொன்று. “இன்னும் 3 சென்டிமீட்டர்தான்” என்று சொன்னபோது நான் நொறுங்கிப்போனேன். உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல்படி கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வேகமான கட்டமே தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டம் ஆளுக்கு ஆள் மாறும், மிக மெதுவாகவும் போகலாம். இது முன்பே தெரிந்திருந்தால் பாதி அழுகையை மிச்சப்படுத்தியிருப்பேன்.

இப்போது அந்த மற்றப் பாதி. இரண்டாவது முறை இவ்வளவும் பழகி, பயமில்லாமல் போனேன். வலியைத் தாங்கவும் முடிந்தது. ஆனால் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது, சிசேரியன் ஆனது. பார்க்க வந்த ஒருவர், “பயந்துட்டியா?” என்று கேட்டார். பல மாதம் அந்தக் கேள்வி என்னைத் தின்றது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதோ குழந்தை குறுக்கே கிடப்பதோ அம்மாவின் எண்ணத்தால் வருவதல்ல, அமைதியாக இருந்து அதைச் சரிசெய்யவும் முடியாது. எபிடியூரல், அதாவது முதுகு வழியாகக் கொடுக்கும் வலி மருந்து, கேட்பதும் மனதின் தோல்வி இல்லை. ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியோடு பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

உங்கள் பயம் தூக்கத்தைக் கெடுக்கிறதா, சாப்பிட விடாமல் செய்கிறதா, அழுகை நிற்கவில்லையா? அடுத்த பரிசோதனையில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த தேதி தள்ளியிருந்தால் அதற்கு முன்பே போங்கள். கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்கு ஆலோசனையும் உண்டு, கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்தும் உண்டு.

அப்புறம், நான் பழகியது எதுவும் வீணாகவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் ஊசி போடக் குனிந்து உட்காரச் சொல்லி, அசையக் கூடாது என்றார்கள். சரியாக அந்த நேரத்தில் ஒரு வலி வந்தது. தாடையை விட்டேன், எட்டு வரை எண்ணி மூச்சை விட்டேன். ஊசி போட்டு முடித்ததே எனக்குத் தெரியவில்லை.