லினக்ஸ் கர்னல் பிழைகள்: சோதிப்பதும் சொல்வதும் – கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் பிழை கண்டால் எப்படிச் சோதிப்பது, யாரிடம் சொல்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குப் பழக்கமானவை வன்பொருளை இயக்கும் டிரைவர்களும், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமைகளும். எல்லாருக்கும் பொதுவான ஒரு வேண்டுகோள்: சோதனையில் இறங்கும் முன் கோப்புகளை வேறொரு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, புதிய கர்னல் வந்த பிறகு லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை வருவதில்லை. ரீபூட் செய்தால் சரியாகிறது. இதை எங்கே தெரிவிப்பது?

"புதிய கர்னல் வந்த பிறகு" என்று எழுதினீர்களே, உங்கள் கேள்வியில் மிக முக்கியமான செய்தி அதுதான். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் அதை ரிக்ரெஷன் என்பார்கள். பயனர்களிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக்கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. உடைத்த மாற்றத்தைத் திருத்த வேண்டும். முடியாவிட்டால் திரும்பப் பெற வேண்டும். ஆகவே உங்கள் புகாருக்குச் சாதாரணப் புகாரைவிட வலு அதிகம்.

முதலில், துவக்கப் பட்டியலில் பழைய கர்னல் பெரும்பாலும் இன்னும் இருக்கும். அதில் ஏறி, லேப்டாப்பைப் பல முறை மூடித் திறந்து பாருங்கள். ஓடிய பதிப்பு எது, ஓடாத பதிப்பு எது என இரண்டின் எண்களையும் முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உபுண்டு, ஃபெடோரா போன்ற வழங்கல்கள் தங்கள் சொந்தப் பேட்சுகளையும் (நிரல் திருத்தங்களையும்) சேர்த்தே கர்னலைத் தருகின்றன. கை வைக்கப்படாத மூலக் கர்னலைக் கம்பைல் செய்து (மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக்கி) பாருங்கள். அதிலும் பிழை வந்தால் அந்தப் பகுதியைக் கவனிக்கும் கர்னல் பராமரிப்பாளரிடம் போங்கள்; வராவிட்டால் வழங்கலைத் தருபவர்களிடம் போங்கள். கம்பைல் நேரத்தைக் குறைக்க லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற வழி இருக்கிறது. அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற, தனியே ஏற்றப்படும் கர்னல் துண்டுகளை) மட்டும் அது எடுத்துக்கொள்ளும். எனவே பென் டிரைவ், பிரிண்டர், வெப் கேமரா எல்லாவற்றையும் செருகிவிட்டு அதை ஓட்டுங்கள்.

யாருக்கு எழுதுவது என்பதற்கு மூல நிரலிலேயே மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பு இருக்கிறது. கர்னலுக்கென பக்சில்லா என்ற பிழைப் பதிவுத் தளம் இருந்தாலும் பல பிரிவுகளின் பராமரிப்பாளர்கள் அதைப் பார்ப்பதில்லை, மின்னஞ்சல்தான் வழி. அலங்காரம் இல்லாத வெற்று உரையாக அனுப்புங்கள், எச்டிஎம்எல் மடலை மின்னஞ்சல் குழு ஏற்காது. தலைப்பில் டிரைவரின் பெயர், பதிப்பு, கோளாறு மூன்றும் இருக்கட்டும். டிமெசேஜ் கட்டளை தரும் கர்னல் பதிவை ஒரு வரிகூட வெட்டாமல் இணையுங்கள்.

கேள்வி: கணினி உறைந்து நின்றபோது திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். போதுமா?

எழுத்து தெளிவாக இருந்தால் ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் திரையில் மிஞ்சுவது பெரும்பாலும் கடைசிச் செய்தி. நமக்கு வேண்டியது முதல் செய்தி. ஒருமுறை நிலைகுலைந்த கர்னல் அதற்குப் பிறகு சொல்லும் எதையும் நம்ப முடியாது. டெயின்டட் (கறைபட்டது) என்ற வரியில் டபிள்யூ எழுத்து தெரிந்தால் முன்பே ஓர் எச்சரிக்கை வந்துவிட்டது என்று பொருள். மேலே தேடிப் போங்கள்.

அந்தச் செய்தியில் செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும், சாய்கோட்டால் பிரித்த இரண்டு எண்களும் இருக்கும். முதல் எண் அந்தச் செயற்கூற்றின் எத்தனையாவது பைட்டில் தடுக்கியது என்பது. இரண்டாவது அதன் மொத்த நீளம். மங்கலான படத்தில் அந்த எண்களில் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் பராமரிப்பாளர் வேறு வரியைத் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு கணினி இருந்தால் நெட்கன்சோல் மூலம் செய்திகளை அதற்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் ரீபூட் ஆனதும் பிஸ்டோர் அடைவில் ஏதேனும் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மூடிய மூல கிராபிக்ஸ் டிரைவர் போட்டிருக்கிறேன். புகார் செய்யலாமா?

அதை ஏற்றாமல் ரீபூட் செய்து, பிழை மீண்டும் வருகிறதா பாருங்கள். வந்தால் செய்யலாம். டிரைவரை இறக்கிவிட்டால் மட்டும் போதாது. அது கர்னலில் இடும் டெயின்டட் குறி ரீபூட் ஆகும்வரை அழியாது.

கேள்வி: ஹெட்போனில் ஒலி வரவில்லை என்று நான் புகார் கொடுத்தேன், "பைசெக்ட் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. பிழையைக் கண்டுபிடிப்பது எழுதியவர்கள் வேலை அல்லவா? எனக்கும் பிழைப்பு இருக்கிறது.

கோபம் புரிகிறது. ஆனால் எழுதியவரிடம் உங்கள் கணினி இல்லை. ஒரு கர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. பைசெக்ட் என்பது நடுவில் உள்ள கர்னலைச் சோதித்து "நல்லது" அல்லது "கெட்டது" என்று குறித்துக்கொண்டே போவது. அது ஒவ்வொரு முறையும் அவற்றைப் பாதியாக வெட்டுவதால் சுமார் 14 சோதனைகளில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கும். அதை எழுதியவரின் பெயர் கையில் இருந்தால், யாரும் திறக்காத மடல் அன்றே திறக்கப்படும்.

ஊகம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 2008ஐப் பாருங்கள். 2.6.27 பதிப்பின் சோதனைக் கட்டத்தில் இன்டெல் நெட்வொர்க் அட்டைகளின் நிலைநினைவகம் அழிந்து, அட்டைகள் செயலிழந்தன. அந்த அட்டைகளின் இ1000இ டிரைவரைத்தான் எல்லாரும் சந்தேகித்தார்கள். கடைசியில் அகப்பட்டது, செயற்கூறுகளைத் தடம்பிடிக்கும் எஃப்டிரேஸ். வேலை முடிந்து விடுவிக்கப்பட்ட மாட்யூல் நிரலின் பழைய முகவரியில் அது எழுதியது. அந்த முகவரியோ அதற்குள் நெட்வொர்க் அட்டையின் கைக்குப் போயிருந்தது. டிரைவரையே வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தால் விடை கிடைத்திருக்குமா?

அதே வாசகர்: நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது. அன்று பைசெக்ட் செய்தவர் ஒவ்வொரு சோதனையிலும் ஓர் அட்டையைப் பலிகொடுத்திருப்பார்.

உண்மை. வன்பொருளையோ தரவையோ அழிக்கும் பிழை என்றால் பைசெக்ட் செய்யாதீர்கள். உடனே நிறுத்தி, பார்த்ததை அப்படியே எழுதுங்கள். உங்கள் பிழையோ ஹெட்போனில் ஒலி வராத பிழை. அதில் பலி எதுவும் இல்லை.

இன்னொரு வாசகர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கர்னல் எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். இலவசமாக உழைப்பவர் பயனர் மட்டும்தானா?

பெரும்பாலோர் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள் என்பது சரி. ஆனால் அந்தச் சம்பளம் அந்த நிறுவனத்தின் சர்வருக்கோ சிப்புக்கோ தரப்படுவது. உங்கள் லேப்டாப் அந்தக் கணக்கில் இல்லை. சம்பளம் வாங்கினாலும் அவர் மேசையில் உங்கள் கணினி வந்துவிடப் போவதில்லை. ஒன்றில் உங்கள் இருவரோடும் உடன்படுகிறேன்: பைசெக்ட் முடித்தால்தான் புகார் கொடுக்கலாம் என்று யாரையும் விரட்டக்கூடாது. கையில் இருப்பதைக் கொண்டு முதலில் புகார் கொடுங்கள். "தேவைப்பட்டால் பைசெக்ட் செய்கிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். அறிகுறியைக் கேட்டதுமே பராமரிப்பாளர் காரணத்தைச் சொல்லிவிடுவதும் உண்டு.

பைசெக்ட் செய்யத் துணிந்தவர்களுக்கு ஒன்று. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை என்றால், ஒருமுறை வரவில்லை என்பதற்காக "நல்லது" என்று குறித்துவிடாதீர்கள். ஒரே ஒரு தவறான "நல்லது" உங்களைத் தவறான பாதிக்குள் தள்ளிவிடும். அதன்பின் எத்தனை சோதனை செய்தாலும் குற்றமற்ற ஒருவர் பெயர்தான் கிடைக்கும். கம்பைல் ஆகாத இடத்தில் "ஸ்கிப்" போடுங்கள், ஊகிக்காதீர்கள்.

கேள்வி: அலுவலகக் கணினியில் ஆர்சி கர்னல் போட்டுச் சோதிக்கலாமா?

கூடாது. ஆர்சி என்பது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. 2021 மார்ச்சில் 5.12-ஆர்சி1 கர்னல், ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் கோப்பு) வைத்திருந்தவர்களின் வட்டில் தவறான இடத்தில் எழுதிக் கோப்பு முறைமையையே சிதைத்தது. அந்தப் பதிப்பின் பெயரிலேயே "டோன்ட்யூஸ்" என்று சேர்த்துவிட்டார் டோர்வால்ட்ஸ். நிலையான பதிப்பு என்றாலும் அசட்டை வேண்டாம்: 2023 டிசம்பரில் 6.1.64இல் இருந்த ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமைப் பிழையால் டெபியன் 12.3 என்ற வழங்கலின் வெளியீடே நிறுத்திவைக்கப்பட்டது. நகல் எடுத்தீர்களா?

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு டச்பேட் வேலை செய்யவில்லை. எங்கே தெரிவிப்பது?

முதல் பதிலில் சொன்னவை அனைத்தும் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: அப்டேட் செய்ததும் ப்ளூடூத் போய்விட்டது. யாரிடம் சொல்வது?

ஓடிய பதிப்பு எது, ஓடாத பதிப்பு எது? அந்த இரண்டு எண்கள் இல்லாமல் என்னாலும் உதவ முடியாது, பராமரிப்பாளராலும் முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிரவுசர் திடீர் திடீரென்று மூடிக்கொள்கிறது. கர்னல் பிழையா?

கர்னல் பதிவில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நினைவகம் தீர்ந்துபோய்க் கர்னல் அதை நிறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் பிரவுசர் குழுவிடம் கேளுங்கள்.

கேள்வி: சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம் பெறும் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைக்கிறேன். இங்கே விவரம் எழுதட்டுமா?

எழுதாதீர்கள். கர்னல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அந்தப் பிரிவின் பராமரிப்பாளரையும் சேர்த்து அங்கே மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: இரண்டு வாரமாகப் பதில் இல்லை. மறுபடி எழுதலாமா?

எழுதலாம். அதே மடலுக்குப் பதிலாக, அதற்குள் வந்த புதிய ஆர்சியிலும் சோதித்து, அதன் முடிவோடு எழுதுங்கள்.

கேள்வி: பராமரிப்பாளர் ஒரு பேட்ச் அனுப்பினார், போட்டேன், கோளாறு போய்விட்டது. நன்றி சொன்னால் போதுமா?

மகிழ்ச்சி! நன்றியோடு "டெஸ்டெட்-பை" என்று தொடங்கும் ஒரு வரியில் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பதிப்பின் மேல் போட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த வரி திருத்தத்தோடு கர்னல் வரலாற்றில் சேரும். நீங்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்கும் அந்தத் திருத்தம் வந்து சேர்கிறதா என்று அடுத்த சில வாரங்கள் கவனியுங்கள். வராவிட்டால் அதே மடலில் கேளுங்கள்.